குமரிக்கு வந்தால் எங்கே தங்குவது: கன்னியாகுமரியா, நாகர்கோவிலா, மேற்கே தள்ளியா?

பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்தால் போதும், "கன்னியாகுமரியில நல்ல லாட்ஜ் ஒண்ணு சொல்லு" என்று சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் போன் வர ஆரம்பித்துவிடும். நாகர்கோவிலில் வீடு இருக்கிற எல்லாருக்கும் இந்தப் போன் வரும். லாட்ஜ் பேர் சொல்வது பெரிய காரியமில்லை. ஆனால் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மனதில் இருப்பது அந்த முனை மட்டும்தான்: விடியற்காலை சூரியோதயம், படகு, பாறை, சங்கு மாலை, சாயங்காலம் அஸ்தமனம், ராத்திரி ரயில். அப்படி வந்து போகிறவர்கள் கடலைப் பார்த்தார்கள், சரி, எங்கள் ஊரைப் பார்க்கவில்லை. அதனால் எந்த லாட்ஜ் என்பதற்கு முன்னால் எந்தப் பக்கம் தங்குவது என்று ஒருமுறை யோசித்துவிடுங்கள். தங்கும் இடம் மாறினால் நீங்கள் பார்க்கும் குமரியும் மாறிவிடும்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். மாவட்டம் சின்னது. திருவிதாங்கூரோடு இருந்து, மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டம், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூடு எல்லாம் கடந்து 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நான்கு தாலுகாக்கள்: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு. (இன்றைக்கு அதைப் பிரித்து ஆறாக்கிவிட்டார்கள்.) கிழக்கே இருக்கிற முதல் இரண்டும் நாஞ்சில் நாடு, வயலும் தாமரைக் குளமும், எந்தத் தெருவில் நின்று வடக்கே பார்த்தாலும் மலையும். மேற்கே போகப் போகத் தரை மேடும் பள்ளமுமாகி ரப்பர், பலா, கமுகு, நல்லமிளகு என்று பச்சை அடர்ந்துகொண்டே போகும். தெற்கு முழுக்கக் கடல். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடமும் இதுதான் என்பதால், மலையிலிருந்து கடலுக்கு வர இங்கே அதிக தூரம் போக வேண்டியதில்லை.

ஆகத் தங்குவதற்கு மூன்று இடம் உண்டு: கன்னியாகுமரி முனை, நாகர்கோவில், மேற்கே தக்கலையிலிருந்து மார்த்தாண்டம், திற்பரப்பு வரையுள்ள பகுதி. முட்டம் பக்கத்துக் கடற்கரையை அரை இடம் என்று வைத்துக்கொள்ளலாம். என் ஓட்டு நாகர்கோவிலுக்குத்தான். சொந்த ஊர்ப் பாசம் என்பீர்கள், கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காரணமும் உண்டு.

கன்னியாகுமரியில் தங்குவதன் முதல் லாபம் சூரியோதயம். அறையை விட்டு நடந்தே போகலாம், சில லாட்ஜ்களில் மொட்டைமாடியிலிருந்தே பார்க்கலாம். நாகர்கோவிலிலிருந்து வருவதானால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும், கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு அது தொல்லைதான். அஸ்தமனம் விஷயம் வேறு. "ஒரே இடத்தில் உதயமும் அஸ்தமனமும்" என்று எல்லா விளம்பரத்திலும் போடுகிறார்கள், ஆனால் அது வருஷம் முழுக்கப் பொருந்தாது. ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் சூரியன் தென்மேற்கே சாய்ந்து கடலிலேயே இறங்கும். வைகாசி, ஆனியில் வடமேற்கே ஒதுங்கிக் கரைப்பக்கம் போய்விடும், மேகமும் சேர்ந்துகொள்ளும். மே மாத லீவில் வந்து, இங்கேயுள்ள கோவளம் பக்கத்து அஸ்தமன முனையில் காத்திருந்துவிட்டு ஏமாந்து திரும்புகிறவர்களை நிறையப் பார்க்கலாம். சித்ரா பௌர்ணமி அன்றைக்கு மட்டும் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா எழுவதைப் பார்க்கத் தனிக் கூட்டம் சேரும்.

இரண்டாவது லாபம் படகு. காலை எட்டு மணிக்குத் தொடங்கும் முதல் படகுக்கு நிற்க முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த பாறை, அதில் 1970-இல் திறந்த மண்டபம், பக்கத்துப் பாறையில் 2000 ஜனவரி 1-இல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம். இந்தப் பாலத்தால் உண்மையிலேயே ஒரு சௌகரியம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் கடல் மட்டம் இறங்கினால் வள்ளுவர் பாறையில் படகு அணையாது, விவேகானந்தர் பாறையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்போது இந்தப் பாறையில் இறங்கினால் அந்தப் பாறைக்கு நடந்தே போய்விடலாம். 77 மீட்டர்தான். காலுக்குக் கீழே அலை தெரியும்போது பாதிப் பேர் நடுக்கண்ணாடியை விட்டு ஓரமாக ஒதுங்குவார்கள், பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

நஷ்டம் என்ன? கூட்டம், விலை, சாப்பாடு. கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்ப சாமிமார் வண்டி வண்டியாக வருவார்கள், பொங்கல் லீவும் அதோடு சேரும். அந்த நேரத்தில் படகு வரிசை மணிக்கணக்கில் நீளும், அறை வாடகை எகிறும். சாப்பாட்டுக் கடைகள் வடநாட்டுப் பயணிகளையும் கேரளப் பயணிகளையும் நம்பி நடப்பவை. தால், ரொட்டி, வெஜ் பிரியாணி எல்லாம் கிடைக்கும், எங்கள் ஊர்ச் சாப்பாடு தேடித்தான் கிடைக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கடைத்தெருவைத் தவிர அங்கே செய்வதற்கும் ஒன்றுமில்லை. சரி, முனையில்தான் தங்குவேன் என்று முடிவு செய்துவிட்டால், பாறையும் காந்தி மண்டபமும் பகவதி அம்மன் கோயிலும் முடித்த கையோடு லாட்ஜுக்குத் திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே மூன்று இடங்கள் இருக்கின்றன.

ஒன்று வட்டக்கோட்டை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் 18-ஆம் நூற்றாண்டுக் கல்கோட்டை. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலையும் காற்றாலைகளும். அடுத்தது மருந்துவாழ்மலை. அனுமன் தூக்கி வந்த மலையிலிருந்து விழுந்த துண்டு என்று கதை, நாராயண குரு தவம் செய்த குகை மேலே இருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். மூன்றாவது சாமித்தோப்பு. இதை மட்டும் யாரும் தவறவிட வேண்டாம் என்பேன். அய்யா வைகுண்டரின் தலைமைப் பதி, அதாவது கோயில். ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். உள்ளே சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது, அதில் உங்கள் முகம் தெரியும். தலையில் துண்டு கட்டவும் மாரை மறைக்கவும் சாதி பார்த்துத் தடை போட்டிருந்த சீமையில் இப்படி ஒரு வழிபாட்டை ஒருவர் தொடங்கினார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அய்யா 1851-இல் வைகுண்டம் போனார், நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசாங்கம் அறிவித்தது 1859-இல்.

இனி நாகர்கோவில். இங்கே கடல் தெரியாது, அருவி கிடையாது, "பார்க்க வேண்டிய இடங்கள்" என்று பலகை வைக்கிற மாதிரி அதிகம் இல்லை. மணிமேடைச் சந்திப்பில் சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டினால் பொறுமை போய்விடும். அப்புறம் ஏன் இங்கே தங்கச் சொல்கிறேன்? எல்லாத் திசைக்கும் இதுதான் நடு. தெற்கே கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர், மேற்கே பத்மநாபபுரமும் அதே அளவு தூரத்துக்குள்தான், சுசீந்திரம் டவுன் பஸ் தூரம். வடசேரியில் வெளியூர் பேருந்துகள், மீனாட்சிபுரத்து அண்ணா பேருந்து நிலையத்தில் பெரும்பாலும் உள்ளூர் பேருந்துகள். சென்னையிலிருந்து வந்தே பாரத் வேறு 2024 ஆகஸ்ட் முதல் இங்கே வரைக்கும் ஓடுகிறது. கார் இல்லாமல் வருகிறவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம்.

ஊருக்குப் பேர் கொடுத்த நாகராஜா கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பெரிய கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு உள்ளே வேறொன்று காத்திருக்கிறது: மூலவருக்கு மேலே ஓலைக்கூரை. கல்லும் செம்பும் போட வசதியில்லாமல் இல்லை, நாகம் குடியிருக்கும் இடம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆடி மாசம் ஓலை மாற்றிக்கொண்டே வருகிறார்கள். பிரசாதம் கருவறை மண். ஆறு மாசம் கறுப்பாகவும் ஆறு மாசம் வெள்ளையாகவும் இருக்கும் என்று சொல்வார்கள். பக்கத்திலேயே அனந்த கிருஷ்ணனுக்குத் தனிச் சன்னிதி, மண்டபத் தூணில் மகாவீரரும் பார்சுவநாதரும். சமணமும் வைணவமும் நாக வழிபாடும் ஒரே வளாகத்தில் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அங்கிருந்து கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்கு ஆட்டோவில் போய்விடலாம். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 3 வரை திருவிழா, அந்தச் சமயம் வந்தால் ஊரே வேறு மாதிரி இருக்கும். கடைகளும் ராட்டினமும் ஜனமும் நிரம்பி, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் நிற்பார்கள்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குச் சாயங்காலம் போனால் நல்லது. சிவன், விஷ்ணு, பிரம்மா மூவரும் ஒரே மூர்த்தியாக இருக்கும் சன்னிதி, தட்டினால் ஸ்வரம் கேட்கும் இசைத்தூண்கள், 18 அடி அனுமன், ஏழு நிலைக் கோபுரம். எல்லாக் கையேட்டிலும் இருப்பதுதான், அதனால் நீட்டவில்லை. கையேட்டில் அவ்வளவாக இல்லாதது பக்கத்துத் தேரூர் குளம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சொல்லும் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் இதுதான். பனிக்கால மாதங்களில் காலையில் கரையில் வண்டியை நிறுத்தினால் கூழைக்கடாவும் நாரைகளும் தென்படும்.

இன்னொன்று தோவாளை. திருநெல்வேலி சாலையில் ஆரல்வாய்மொழிக்கு முன்னால் இருக்கிற பூச்சந்தை. விடிவதற்கு முன்பே கூடி, வெயில் ஏறும் முன் கலைந்துவிடும். பிச்சி, கொழுந்து, அரளி, கேந்தி, சம்பங்கி என்று மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடக்கும். எடைக்கல் விழுகிற சத்தமும் விலை கூவுகிற சத்தமும் காதை அடைக்கும், வாழை நாரில் தொடுத்த மாலைகள் ஒருபக்கம் ஈரம் சொட்டிக்கொண்டு தொங்கும். ஓணத்துக்கு முந்தின நாட்களில் கேரள வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது பார்க்க வேண்டும். முனையில் தங்கினால் சூரியோதயத்துக்கும் தோவாளைக்கும் நடுவில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். நாகர்கோவிலில் தங்கினால் இன்றைக்கு அது, நாளைக்கு இது.

எனக்கு முக்கியமான காரணத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்: சாப்பாடு. காலையில் புட்டு, பயறு, பப்படம், கூட ஒரு மட்டிப்பழம். மட்டி என்றால் விரல் நீளத்துக்கு, தோல் மெலிந்து, வாசனையே தனியாக இருக்கும் குட்டி வாழைப்பழம். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே கைக்குழந்தைக்கு முதல் முதலில் ஊட்டுவது அதைத்தான். மதியம் இலைச்சாப்பாடு. அவியல், எரிசேரி, புளிசேரி, உள்ளித்தீயல் எல்லாம் முடிந்து பாயசம் வரும்போது வெளியூர்க்காரர்கள் டம்ளரைத் தேடுவார்கள். டம்ளர் வேண்டாம். இலையிலேயே அடைப்பிரதமனை வாங்கி, ஒரு பழத்தைப் பிசைந்து, ஒரு பப்படத்தை மேலே நொறுக்கிப் போட்டு, கையால் வழித்துச் சாப்பிட வேண்டும். உப்பும் தித்திப்பும் சேர்ந்து வருகிற அந்த ருசி ஸ்பூனில் வராது. சாயங்காலம் டீக்கடையில் ரசவடையும் ஏத்தம்பழ (நேந்திரம்பழ) பஜ்ஜியும். பருப்பு வடையை ரசத்தில் ஊறப்போட்டுக் கொடுப்பதுதான் ரசவடை. சின்னக் கிண்ணத்தில் வரும், காரம் தொண்டையில் ஏறும், மழை பெய்தால் இரண்டாவது கிண்ணம் தானாகவே வந்துவிடும்.

மேற்குப் பக்கம் தங்குவது வேறு கணக்கு. வண்டி வேண்டும், குறைந்தது இரண்டு ராத்திரி வேண்டும், கொஞ்சம் நடக்கத் தெம்பும் வேண்டும். நாகர்கோவிலிலிருந்து சுங்கான்கடை, வில்லுக்குறி, புலியூர்க்குறிச்சி, தக்கலை என்று போகும் பழைய திருவனந்தபுரம் சாலை குறுகலும் வளைவுமாக இருக்கும், பஸ்ஸும் பாறைப்பொடி லாரியும் எதிரெதிரே வந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். மார்த்தாண்டத்தில் 2018-இல் மேம்பாலம் வந்தும்கூட நெரிசல் முழுசாகத் தீரவில்லை. அதனால் நாகர்கோவிலிலிருந்து தினமும் போய் வருவதற்குப் பதிலாக அங்கேயே தங்கினால் நேரம் மிச்சம். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இப்போது ஹோம்ஸ்டேக்கள் வந்திருக்கின்றன. ராத்திரி ஓட்டு வீட்டில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுக்க ஆசை உள்ளவர்களுக்கு முனை வேண்டாம், நாகர்கோவிலும் வேண்டாம்.

அந்தப் பக்கத்தின் மகுடம் பத்மநாபபுரம் அரண்மனை. நிலம் தமிழ்நாட்டில் இருந்தாலும் அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு, 1956 எல்லைப் பிரிவினையில் அப்படி ஏற்பாடு. 1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போகும் வரை திருவிதாங்கூரை ஆண்டது இங்கிருந்துதான். மரத்தில் இவ்வளவு செய்ய முடியுமா என்று ஆச்சரியமாக இருக்கும். தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் இழைத்த தூண் ஒன்று நிற்கிறது. முகப்பு மண்டபத்தில் தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அங்கேயே நிற்கும் என்பார்கள். தரை கறுப்பாகப் பளபளக்கும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் போட்டது, வெறுங்காலோடு நடக்கும்போது அதன் குளிர்ச்சி தெரியும். திங்கள்கிழமை விடுமுறை, மதியம் கொஞ்ச நேரம் நுழைவுச்சீட்டுக் கொடுக்க மாட்டார்கள். திங்கள்கிழமை வாசலில் நின்று காவலாளியோடு வாதாடுகிற குடும்பம் வாரம் ஒன்றாவது உண்டு.

அரண்மனையிலிருந்து பக்கத்தில்தான் உதயகிரிக் கோட்டை. இங்கே ஒரு கதையை முழுசாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாவட்டம் முழுக்க அது ஓடுகிறது. 1741-இல் குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் அதே ராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்து, படையைப் பழக்கி, கோட்டைகளைக் கட்டி, 1777-இல் இங்கேயே செத்துப்போனார். உதயகிரிக்குள் கூரை இடிந்த தேவாலயத்தில் லத்தீனும் தமிழும் பொறித்த அவருடைய கல்லறை இருக்கிறது. நட்டாலத்தில் பிறந்து அரண்மனை வேலையில் இருந்த நீலகண்ட பிள்ளை இந்த டிலனாயிடம்தான் கிறிஸ்தவத்தைக் கேட்டறிந்து தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள், கோட்டாறு பேராலயத்தில் புதைத்தார்கள். 2022 மே 15-இல் வாட்டிகன் அவரைப் புனிதராக அறிவித்தது. குளச்சல், உதயகிரி, நட்டாலம், காற்றாடிமலை, கோட்டாறு என்று இந்த ஒரு வரிசையிலேயே காரில் ஒரு நாள் சுற்றினால் மாவட்டத்தின் நாலு பக்கமும் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

தக்கலைக்கு அந்தப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலம். 1960-களில் காமராஜர் முயற்சியில் வந்தது, பறளியாற்றுக்குக் குறுக்கே ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்கு வாய்க்காலைத் தூக்கிக்கொண்டு போகிறது, 28 தூண், 115 அடி உயரம். ஓரமாக நடந்தே கடக்கலாம். நடுவில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே பார்த்தால் தென்னை உச்சிகள்கூடக் காலடியில் கிடக்கும், உயரம் பயம் உள்ளவர்கள் எதிர் முனையை மட்டும் பார்த்துக்கொண்டு நடப்பது நல்லது. அங்கிருந்து திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள். கோதையாறும் பறளியாறும் சேர்கிற இடம். 22 அடி நீளத்துக்குப் படுத்திருக்கும் பெருமாளை மூன்று வாசல் வழியாகப் பிரித்துப் பிரித்துத்தான் பார்க்க முடியும். நானூறு வருஷத்துக்கு மேல் கும்பாபிஷேகம் இல்லாமல் கிடந்த கோயிலில் 2022 ஜூலையில்தான் நடந்தது. கூட்டம் இல்லாத நேரத்தில் அந்தப் பிராகாரத்து விளக்குப் பாவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

சிதறால் மலைக்கோயிலுக்கு நேரம் இருந்தால் இல்லை, நேரம் ஒதுக்கியே போங்கள். கல் பாவிய பாதையில் மெதுவாக ஏறினால் பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், வட்டெழுத்துக் கல்வெட்டு, பிற்காலத்தில் பகவதி கோயிலாகிவிட்ட குடைவரை, ஒரு சின்ன சுனை. திற்பரப்பு அருவி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, குழந்தைகள் விடமாட்டார்கள். கோதையாற்றில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அதற்கும் மேலே பேச்சிப்பாறை அணை, 1906-இல் முடிந்தது, கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. இந்தப் பக்கத்தில் சாப்பிட வேண்டியது மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) மசித்து மயக்கியதும் மீன் குழம்பும். தேங்காய் அரைத்த குழம்பில் சாளையோ அயலையோ. பெரிய ஓட்டலில் தேடாதீர்கள், ரோட்டோரத்துச் சின்னக் கடையில்தான் இருக்கும்.

மகாசிவராத்திரிக்கு வருகிறீர்கள் என்றால் மேற்கைத் தவிர வேறெங்கும் தங்காதீர்கள். சிவாலய ஓட்டம் அப்போதுதான். முஞ்சிறை திருமலையில் தொடங்கி நட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு சிவன் கோயில்களை, கையில் விசிறியோடு, "கோவிந்தா கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடியும் நடந்தும் சுற்றுவார்கள். சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் ஏன் கோவிந்தனைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால் வழியில் நீர்மோரோ சுக்குக் காப்பியோ கொடுக்கிற யாராவது ஒரு பாட்டி முழுக்கதையும் சொல்லிவிடுவார்.

முட்டத்தை அரை இடம் என்றேன். தங்க நல்ல இடங்கள் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. கலங்கரை விளக்கம், செம்மண் மேடு, கடலுக்குள் சரியும் பாறைகள், சாயங்காலம் வலையோடு திரும்பும் வள்ளங்கள். கடல் மட்டும் போதும், கடைகள் வேண்டாம் என்கிற இரண்டு பேருக்குச் சரியான இடம். பாறையில் மட்டும் இறங்காதீர்கள், அலை எப்போது எவ்வளவு ஏறும் என்று உள்ளூர்க்காரர்களுக்கே பிடிபடாது. பக்கத்தில் மண்டைக்காடு. அம்மன் புற்று வடிவில், மாசிக்கொடை நடக்கும் பத்து நாளும் கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி வருவார்கள், தலைவலி தீர மண்டையப்பம் நேர்ந்து செய்து படைப்பார்கள்.

மாசத்தைப் பார்த்தும் முடிவு மாறும். எங்களுக்கு மழை இரண்டு தடவை, ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. வெயில் குறைந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை முனை நன்றாக இருக்கும், கூட்டம்தான் தாங்காது. சித்திரை, வைகாசியில் மேற்கே சக்கைப்பழ (பலாப்பழ) வாசனை வீட்டுக்கு வீடு வரும், முனையில் புழுங்கும். என்னைக் கேட்டால் ஆடி, ஆவணி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும், மலை பச்சையாக இருக்கும், சாரல் விட்டு விட்டுப் பெய்யும், அறை சுலபமாகக் கிடைக்கும். கடல் கொந்தளித்தால் படகு நிறுத்திவிடுவார்கள், அதனால் ஆடியில் முனையில் தங்கிப் பாறைக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம், நாகர்கோவிலில் இருந்துகொண்டு வானம் பார்த்துப் போங்கள். மீன் பிரியர்களுக்கு ஒரு செய்தி. விசைப்படகுத் தடைக்காலம் எங்கள் மாவட்டத்தில் இரண்டு. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் வரும், குளச்சலும் முட்டமும் தேங்காப்பட்டணமும் மேற்குக் கணக்கில். ஜூன் முதல் பாதியை விட்டால் எந்தக் காலத்திலும் ஏதாவது ஒரு துறையில் விசைப்படகு மீன் வந்துகொண்டிருக்கும்.

ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கிறது என்றால் வாதாட மாட்டேன், கன்னியாகுமரியிலேயே தங்குங்கள். வரும் வழியில் சுசீந்திரம், காலையில் உதயம், முதல் படகு, மதியம் சாமித்தோப்பு, ரயில். இரண்டு ராத்திரி என்றால் நாகர்கோவில். வயதான அப்பா அம்மாவோடு வந்தாலும் நாகர்கோவில்தான், மருத்துவமனை பக்கத்தில் இருக்கும், படியேறாத கோயில்கள் போதுமான அளவு இருக்கின்றன. மூன்று, நாலு ராத்திரி இருந்தால் முதலில் மேற்கே இரண்டு, கடைசியில் நாகர்கோவில். மேற்கே போகும் நாள் திங்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் கோயிலுக்குப் போகும்போது எளிதில் கழற்றுகிற சட்டையாகவும் வேட்டியாகவும் இருந்தால் வாசலில் தடுமாற வேண்டாம், இங்கே பெரும்பாலான கோயில்களில் சட்டையோடு விட மாட்டார்கள்.

ஏத்தங்காய் சிப்ஸ் வாங்குவதை மட்டும் எங்கே தங்கினாலும் நாகர்கோவிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முனையில் ரயிலுக்கு ஓடுகிற அவசரத்தில் வாங்கும் பாக்கெட் எப்போது பொரித்தது என்று தெரியாது. வடசேரியிலோ கோட்டாறிலோ வாசலிலேயே தேங்காய் எண்ணெய்ச் சட்டி கொதிக்கிற கடையாகப் பாருங்கள். சீவல் நேராக எண்ணெயில் விழும், உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றுவார், சடசடவென்று பொங்கி அடங்கும். சூடாக இருக்கும்போதே கவரைக் கட்டச் சொல்லாதீர்கள், நமத்துப்போகும். ஆறும் வரை ஒரு சாயா குடித்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம்.